வெள்ளிக்கிழமைக் கோளாறு

அந்தக் கோடை விடுமுறையில், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் யாராலும் ஓர் இடத்தில் உட்கார முடிந்ததில்லை. அப்பா சட்டையை மாட்டுவார், கழற்றுவார், மறுபடி மாட்டுவார். அம்மா குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு மாடிப்படியின் மேல்முனையில் வந்து நிற்பாள். நான் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். பெரியவர்கள் இருவர் நின்றுகொண்டிருக்கும் வீட்டில் குழந்தை மட்டும் உட்கார்ந்திருப்பது சரியாக வராது என்பதால் நானும் நிற்பேன். மூவரும் எதிர்பார்த்திருந்தது ஒரே ஒரு சத்தத்தை. கீழே டயர் கடை வைத்திருந்த பாய், ரப்பர் செருப்பு தேய்த்துப் படியேறும் சத்தம்.

பாய் பாதிப் படியிலேயே நின்று சொல்லிவிடுவார். “தம்பி, பர்கூர்லருந்து போன். அதே பெட்டிதான்.” பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு, “ஊருக்கெல்லாம் நீ போன் மாட்டி விடுற. உனக்கு ஒரு போன் வந்தா நான் மாடி ஏறணும். இது என்னா நியாயம்னு எனக்கு இன்னும் வௌங்கல” என்பார்.

நியாயம் இல்லைதான். ஆனால் அந்த நாட்களில் ஓசூரில் ஒரு டெலிபோன் லைன் வாங்க மனுப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரிய தொழிற்சாலைகளைச் சுற்றி முளைத்த சின்னச் சின்னக் கம்பெனிகள் எப்படியோ ஒரு லைன் வாங்கிவிடும். பிறகு அந்த ஒரு லைன் முதலாளி அறையிலும் கேட்க வேண்டும், ஸ்டோரிலும் கேட்க வேண்டும், வாசல் காவலரிடமும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படும். அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. ஒரு வெளி லைனை ஆறு அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கும் பேசலாம். எல்லோரும் அதை இன்டர்காம் பெட்டி என்றார்கள். தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்த அப்பா அந்த வேலையை விட்டுவிட்டு, இந்தப் பெட்டிகளை மாட்டிக் கொடுக்கும் தொழிலில் இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓசூரிலும் சூளகிரியிலுமாகப் பதினொரு பெட்டிகள் மாட்டியிருந்தார். பன்னிரண்டாவது பர்கூரில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு கிரானைட் பாலிஷ் ஷெட்டில். அதுதான் தூரமானது. அதற்கு இரு பக்கமும் இருந்த ஷெட்டுக்காரர்கள், ‘இது எப்படிப் பேசுதுன்னு பாத்துட்டு நாங்களும் போடறோம்’ என்று சொல்லியிருந்தார்கள். பதின்மூன்றும் பதினான்கும் அங்கேயே என்று அப்பா எங்களிடம் சொல்லிவிட்டார். அவர் அப்படி முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் உள்ளவர் அல்ல.

பெட்டியைத் திங்கட்கிழமை மாட்டினார். நான்கு நாள் நன்றாகப் பேசியது. வெள்ளிக்கிழமை முற்பகலில் கெட்டது. யாரும் அழைக்காமல் மேனேஜர் அறையில் மணி அடித்தது. எடுத்தால், எடைமேடையில் நின்ற லாரிக்காரர் யாரையோ திட்டுவது கேட்டது. வெளியிலிருந்து கூப்பிட்டவர்களுக்கோ எந்நேரமும் லைன் எங்கேஜ்டு. அப்பா சனிக்கிழமை முதல் பஸ் பிடித்துப் போனார். அவர் போய்ச் சேர்ந்தபோது பெட்டி ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கெட்டது. சனிக்கிழமை மறுபடி பேசியது.

“நீ வந்தா மட்டும் அது நல்ல புள்ளையாயிடுதுப்பா. உன் போட்டோ ஒண்ணு குடு, பெட்டி மேல மாட்டி வெக்கிறேன்” என்றாராம் அந்த முதலாளி. சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை என்பதையும் அப்பா எங்களுக்குச் சொன்னார்.

முதல் வாரம் அப்பா எல்லா இணைப்புகளையும் பிரித்து மறுபடி முறுக்கினார். இரண்டாவது வாரம் எர்த் குழியைத் தோண்டி உப்பும் கரியும் புதிதாகப் போட்டார். மூன்றாவது வாரம், கல் அறுக்கும் மிஷின் கரண்டை இழுப்பதுதான் காரணம் என்று முடிவு செய்து, பெட்டிக்கு மட்டும் தனி ஒயர் இழுத்தார். நான்காவது வாரம் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அதனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார்.

“ரிசீவரச் சரியா வெக்காம உட்டாலும் இப்பிடி ஆகும் சார்னு சொன்னேன்.”

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “யாரு சரியா வெக்கல? நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல. அப்பிடியும் ஆகலாம்னுதான் சொன்னேன்.”

“அந்தாளு எப்பிடி எடுத்துக்கிட்டாரு?”

அப்பா செம்பை எடுத்து அண்ணாந்து தண்ணீர் குடித்தார். வழக்கத்தை விட அதிக நேரம் குடித்தார். பர்கூர் ஷெட்டில் பெட்டிக்குக் கீழே ஒரு மேசை. அந்த மேசையில், வரும் அழைப்புகளை எடுத்து அந்தந்த அறைக்குக் கொடுக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அப்பா சொன்னதும் முதலாளி திரும்பிப் பார்த்தது அவளைத்தான்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை பாய் மேல்படி வரைக்கும் ஏறி வந்தார். வந்த செய்தியை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தார். “‘அடுத்த வெள்ளிக்கிழம ஒரு தடவ பாப்பேன். அன்னிக்கும் கெட்டுச்சின்னா அந்தப் பொண்ண நிறுத்திட்டு வேற ஆளப் போடுவேன். அதுக்கப்புறமும் கெட்டுச்சின்னா பெட்டியக் கழட்டி ரோட்ல வெச்சிருவேன்.’ இப்பிடியே சொல்லச் சொன்னாரு தம்பி.”

அப்பாவுக்கு அதில் ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்ததாக எனக்குத் தோன்றியது. முதலில் பெண், பிறகுதான் பெட்டி. இதை நான் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த வாக்கியத்தை விழுங்கிவிட்டேன்.

மறுநாள் அப்பா பர்கூர் போய், பெட்டிக்குள் இருந்த கார்டைக் கழற்றி வேறொன்றைப் போட்டுவிட்டு, பழையதை மஞ்சள் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பலகாரத் தட்டளவு பச்சை அட்டை. ஒரு பக்கம் முழுக்க ஈயப் புள்ளிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் அதை வைத்துப் பெட்ரோல் தோய்த்த பஞ்சால் துடைக்கத் தொடங்கினார். மேல்முனையில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது.

“என்னாங்க அது?” என்றாள் அம்மா.

“ஃப்ளக்ஸு. ஈயம் பத்த வெக்கும்போது உருகி நிக்குமே, அது. போன தடவகூடத் தொடச்சேன்.”

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அட்டையை வாங்கினாள். கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் டெலிபோன் செய்யும் இடத்தில் மூன்று வருடம் இதே போன்ற அட்டைகளுக்கு ஈயம் பற்றவைத்தவள் அவள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அதிகம் வராது. அப்பா தொழிலில் இறங்கிய பிறகு, நுணுக்கமான பற்றவைப்பு எதுவானாலும் அட்டை சமையலறைக்கு வந்து திரும்பும். கம்பெனிகளில் அப்பா அதைச் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லச் சொன்னதில்லை.

அவள் நகத்தால் சுரண்டினாள். முகர்ந்தாள். “ஃப்ளக்ஸ் எனக்குத் தெரியாதா? இது மஞ்சள்.”

“பெட்டிக்குள்ள மஞ்சள் எப்பிடி வரும்?”

அம்மா, பாய் வீட்டுக்குப் போய் வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் வாங்கி வரும்படி என்னை அனுப்பினாள். விரல்நுனியில் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அந்தப் பழுப்பின் மேல் தடவினாள். ஆரத்தித் தட்டில் சிவக்குமே, அதே சிவப்பு. ஓர் அங்குல நீளத்துக்கு அட்டை சிவந்தது. அப்பா பெட்ரோல் பஞ்சைக் கீழே வைத்தார்.

“வெள்ளிக்கிழம” என்றார்.

“வெள்ளிக்கிழமதான்” என்றாள் அம்மா. “இந்த வெள்ளிக்கிழம நானும் வர்றேன்.”

“நீ வந்து என்னா பண்ணுவே? கம்பெனி அது.”

“வயசுப் பொண்ணுகிட்டப் போயி நீங்க என்னான்னு கேப்பீங்க? ‘சாமி கும்புட்டியா’ன்னா?”

என்னை விட்டுவிட்டுப் போக இடம் இல்லாததால் நானும் போனேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாறினோம். அம்மா ஆறு நாளும் சரியாகத் தூங்காதவள் போல இருந்தாள். பஸ்ஸிலும் கம்பியை விட்டுவிட்டுப் பிடித்தாள். பர்கூரில் இறங்கும்போது ஒன்பது மணி ஆகவில்லை. முதலாளி பதினொரு மணிக்குத்தான் வருவார் என்று அப்பா சொன்னார்.

ஷெட்டில் எல்லாவற்றின் மேலும் கல்மாவு வெள்ளையாகப் படிந்திருந்தது. மிஷினுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆபீஸ் அறை மட்டும் தனியாகத் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. துடைத்தது போன் எடுக்கும் அந்த அக்காதான். மத்தூர்க்காரி, பத்தொன்பது வயதிருக்கும். நாங்கள் வாசலில் நின்றதை அவள் பார்க்கவில்லை. மேசையில் ஊதுபத்தி கொளுத்தினாள். பெட்டியின் நெற்றியில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். பிறகு பித்தளைச் சொம்பையும் மாவிலையையும் எடுத்தாள்.

அப்பா ஓர் அடி எடுத்து வைத்தார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்க்கத்தான் நிறுத்தியதாகப் பிற்பாடு சொன்னாள்.

சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்த பெட்டியின் தலைமேல், சூடு வெளியேறுவதற்காக வரிசையாக ஒன்பது கீறல்கள் உண்டு. அக்கா குதிகாலைத் தூக்கி, மாவிலையால் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். ஒரு தரம் அல்ல. சொம்பு பாதி ஆகும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தெளித்தாள். வாய் எதையோ முணுமுணுத்தபடி இருந்தது. கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியபோதுதான் எங்களைப் பார்த்தாள்.

“வாங்கண்ணா. இன்னிக்கி நீங்களே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சி” என்றாள்.

அம்மா தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. எல்லோரும் பெட்டியைப் பார்த்தபடி இருந்தோம். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் போனது. பூட்டிக் கிடந்த மேனேஜர் அறைக்குள் மணி அடித்தது.

அக்காவின் முகம் ஒரு நொடியில் வாடிவிட்டது. “பாருங்கக்கா. இப்பத்தான் பூச பண்ணேன். இதுக்கு மேல நான் என்னா பண்ணட்டும்?”

அப்பா நான்கு திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். அட்டையின் மேல்முனையில் மஞ்சள் துளிகள் வரிசையாக நின்றன. அவர் விலகிக்கொண்டார். அம்மா அந்த அக்காவைப் பக்கத்தில் கூப்பிட்டு, விரலால் காட்டினாள். அவள் பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது.

“மொத வாரம் ஒரு தடவதான் தெளிச்சேன்” என்றாள் மெதுவாக. “கெட்டுப்போச்சி. அதுக்கோசரம் அடுத்த வாரம் மூணு தடவ. அப்புறம் அவுரு என்னையவே சொல்ல ஆரம்பிச்சாரு, நான் போன எறக்கி வெச்சிட்டுக் கத பேசறேன்னு. போன வாரம் ஒரு சொம்பு தெளிச்சேன்க்கா. பர்கூர் அம்மனுக்கும் வேண்டிக்கிட்டேன்.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று மட்டும் தெரிந்திருந்தது.

“மொதலாளிக்குத் தெரிஞ்சா இன்னிக்கே அனுப்பிச்சிருவாரு” என்றாள். “வேலைக்கி உடறதுக்கே எங்கப்பா ஒரு வருசம் யோசிச்சாரு. இங்கருந்து நின்னுட்டன்னா தை வரைக்கும்கூடப் பாக்க மாட்டாங்க. மாமனுக்குக் கட்டி வெச்சிருவாங்க.”

“மாமனுக்கு என்னா வயசு?”

“முப்பத்தெட்டு ஆவுதுக்கா. மொத சம்சாரம் செத்துப்போச்சி.”

மேசைமேல் இருந்த சொம்பை அம்மா எடுத்து அடியில் வைத்தாள். “இங்க பாரு. கரண்டு இருக்கற எடம் அக்கினி. அக்கினிக்கு யாராச்சும் தண்ணி தெளிப்பாங்களா? பொட்டு வை, சூடம் காட்டு, போதும். தண்ணிய வாசல்ல தெளி.” இப்படி ஒரு சாஸ்திரத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டிருக்க மாட்டாள். அக்கா பயபக்தியுடன் தலையாட்டினாள்.

அப்பா அட்டையைத் துடைத்து மேசை விசிறி முன் காயவைத்தார். ராத்திரிக்குள் தானாகக் காய்ந்துவிட்டதால்தான் சனிக்கிழமைகளில் அது ஒழுங்காகப் பேசியிருக்கிறது. மணி பத்தரை. அம்மா அவரை வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனாள். நானும் பின்னால் போனேன். என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

“அவருகிட்ட என்னா சொல்லப் போறீங்க?”

“உள்ளதத்தான்.”

“உள்ளதச் சொன்னா அந்தப் பொண்ணு?”

“நான் மாட்டுன பெட்டி நல்ல பெட்டி. அஞ்சு வாரமா நான் கேக்காத பேச்சில்ல. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன், ரெண்டு பேரும் பாத்துக்கிட்டிருக்கான்.”

“பாக்கட்டும்.”

“சுளுவாச் சொல்லிட்ட.”

“ரிசீவர் வெக்கலன்னு நீங்க சொன்னதும் சுளுவாச் சொன்னதுதான்” என்றாள் அம்மா.

அப்பா தொட்டித் தண்ணீரில் கை கழுவினார். ஏற்கெனவே ஒருமுறை கழுவியிருந்தார். எனக்கு அம்மா மேல் கோபம் பொங்கியது. கணக்குப் பாடத்தில் விடை இவ்வளவு தெளிவாக வந்த பிறகு, அதை அழித்துவிட்டு வேறு விடை எழுதச் சொல்கிற டீச்சர் எங்காவது உண்டா? மஞ்சள் தண்ணீர், தெளித்தது அவள். இதைச் சொல்வதற்கு இவ்வளவு தயக்கம் எதற்கு என்று நினைத்தேன்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜீப் வந்தது. முதலாளி வெள்ளைச் சட்டைக்காரர். அறைக்குள் வந்தவர் உட்காரவில்லை. மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே பேசினார்.

“என்னாப்பா, இன்னிக்கி வெள்ளிக்கிழம. குடும்பத்தோட வந்துட்டே. பெட்டி என்னா சொல்லுது?”

அக்கா மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றாள். அவள் விரல்நுனிகளில் இன்னும் மஞ்சள் இருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அப்பா கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் வைத்தார். “கார்டுல கோளாறு சார். உள்ள ஒரு எடத்துல லீக் ஆகிட்டிருந்துச்சி. எங்க கண்ணுக்கு அகப்படல. இப்பச் சரி பண்ணிட்டேன். இனிமே வராது.”

“அப்ப ரிசீவர் வெக்கலன்னது?”

“அது நான் தப்பாச் சொன்னது. அவங்க மேல ஒண்ணுமில்ல.”

“அஞ்சு வாரம், அஞ்சு காரணம்” என்றார் முதலாளி. “இது ஆறாவதா? பெட்டியே மட்டமான பெட்டின்னு மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சே இல்லையே.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் நாற்காலியிலிருந்து இறங்கி நின்றேன்.

“பெட்டி நல்ல பெட்டிதான்” என்றேன். “எங்கப்பா மேல தப்பில்ல. பெட்டி கெட்டது வேற…”

அம்மா என் தோளைத் தொட்டாள். முதலாளி நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அப்பிடியா பாப்பா? வேற எதனால?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சிரித்தார். அவர் சிரிக்கும்போது வரும் சத்தம் அது அல்ல.

“அவளுக்கு அப்பன் மாட்டுனதுன்னா எல்லாம் நல்ல பெட்டிதான் சார். வூட்ல யாருன்னா கொற சொன்னாச் சோறு திங்க மாட்டா. சின்னப் புள்ள, அதுக்கு என்னா தெரியும்?”

முதலாளியும் சிரித்துவிட்டார். என் காது சூடாகிவிட்டது. வகுப்பில் முதல் மாணவி நான். எனக்குத் தெரியாது என்று, தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றி, அப்பாவே சொல்லிவிட்டார்.

முதலாளி பெட்டியைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். ரிசீவரை எடுத்து, வெளி லைன் வாங்கி, பக்கத்து ஷெட்டுக்காரரைக் கூப்பிட்டார். தெலுங்கில் பேசினார். தெலுங்கு எங்கள் மூவருக்கும் புரியும். இந்தப் பெட்டி வேண்டாம், பெட்டி மாட்டப் பெங்களூரிலிருந்தே ஆளைக் கூப்பிட்டுக்கொள், எனக்கு அந்தப் பக்கத்து ஷெட்டுக்கும் சொல்லிவிடு என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில், இரண்டடி தள்ளி நின்ற எனக்குக்கூடச் சொல் சொல்லாகக் கேட்டது. அவ்வளவு தெளிவாகப் பேசியது பெட்டி.

“லைன் சுத்தமா இருக்குப்பா” என்று ரிசீவரைக் கீழே வைத்தார் முதலாளி.

அப்பா கருவிகளை அடுக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். மதிய சங்கு ஊதியது. அக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொள்ள, அம்மா அவளுடன் பின்பக்கம் போய்விட்டு வந்தாள். கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள். என் கன்னத்தைத் தொட்டாள். நான் முகத்தை இழுத்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் மாறிய பஸ்ஸில் மூவர் இருக்கை கிடைத்தது. நான் ஜன்னலோரம், அம்மா நடுவில், அப்பா ஓரத்தில். வெயில் என் பக்கமே அடித்தது. நான் வழி நெடுகத் தயாராகிக்கொண்டிருந்தேன். குறுக்கே பேசியதற்கு அப்பா திட்டினால் இன்ன பதில், ‘சின்னப் புள்ளன்னு சொல்லிட்டேனே, வருத்தமா?’ என்று கேட்டால் இன்ன பதில். இரண்டையும் மனதுக்குள் திருத்தித் திருத்தி வைத்திருந்தேன். அம்மாவை ஒரு கேள்வி கேட்பதாகவும் இருந்தேன்: யாரோ ஒருத்திக்காக அப்பாவை ஏன் தலைகுனிய வைத்தாய்? அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அப்பா டிக்கெட்டைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். ஓசூர் போய்ச் சேர்ந்ததும் பெரிய சண்டை வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

சூளகிரி வரப்போகும்போது அப்பா தொண்டையைக் கனைத்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“சாப்பிட்டா. பாதி டப்பாதான்.”

“ம்” என்றார் அப்பா. பிறகு, “பாதியாவது சாப்பிட்டுச்சே” என்றார். பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அம்மா காலடியிலிருந்த கருவிப் பையை நகர்த்தி, அவர் கால் நீட்ட இடம் செய்தாள்.

இரண்டு பெட்டிகள் கைவிட்டுப் போன அன்று கேட்பதற்கு வேறு கேள்வியே கிடைக்கவில்லையா என்று இருந்தது எனக்கு. அப்பா பேச்சை மாற்றுகிறார் என்று முடிவு செய்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.